குட்டை ஸ்க்ரூவைப் பற்றி மாமனார் எழுதிக்கொள்வது

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் வாயில் நீங்கள் வைத்த பல்லும் சுகம். அங்கே நீங்களும் பாப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆனால் இப்போது நீங்கள் அந்த இரண்டையுமே செய்வதில்லை என்று பாப்பா ஃபோனில் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

"அவருக்கு மீட்டிங் வருதுப்பா. பல் டாக்டருங்க எல்லாரும் கூடுற பெரிய மீட்டிங். எலும்புல குட்டை ஸ்க்ரூ எறக்கி வெச்ச பல்லெல்லாம் இத்தனை வருஷத்துல எப்படி இருக்குன்னு இவர்தான் பேசப்போறார். முன்வரிசையில அவரோட பெரிய டாக்டர் உக்காந்திருப்பார். குட்டை ஸ்க்ரூ நிக்காதுன்னு அன்னைக்கே சொன்னவர் அவரு. இவர் வெச்ச முதல் குட்டை ஸ்க்ரூ உங்களோடதுதான். அது எப்படி இருக்குன்னு உங்க கையாலயே எழுதி, புது எக்ஸ்ரே ஒண்ணும் எடுத்துக் குடுத்தா தைரியமா இருக்கும்னு நெனைக்கிறார். ஆனா உங்ககிட்ட கேக்கக் கூச்சப்படுறார்" என்றாள். நீங்கள் கூச்சப்பட்டதும் சரி, "ஃபோனை மாப்பிள்ளைகிட்ட குடும்மா" என்று நான் சொல்லாததும் சரி. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் பேசியதெல்லாம் "வரேன் மாமா". நான் பேசியதெல்லாம் "சாப்டீங்களா மாப்பிள்ளை". மற்ற விஷயமெல்லாம் உங்களிடமிருந்து பாப்பாவுக்கு, பாப்பாவிடமிருந்து அத்தைக்கு, அத்தையிடமிருந்து எனக்கு என்று வரும். குழாய் நீளம்தான், ஆனாலும் தண்ணீர் ஒழுங்காக வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்காராமலே மரியாதை குறையாமல் பேசுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய வேறு விஷயம் ஒன்று பின்னால் வருகிறது, அதைப் படித்த பிறகு நன்றி சொன்னால் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

பல்லை நான் என்றைக்கும் பல்லாக மட்டும் பார்த்ததில்லை. அது எனக்கு ஒரு கருவி. அலமாரி வேலைக்குப் போகிறவன் ஒரு கையில் பலகையைப் பிடிக்கவேண்டும், இன்னொரு கையில் ட்ரில்லைப் பிடிக்கவேண்டும், ஸ்க்ரூ பையைக் கிழிப்பதற்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது? பல்தான். ஒயரை உரிப்பதற்கும் பல்தான். இப்படியே மேல் வரிசையில் இடது கடைவாயில் ஒன்று, வலது கடைவாயில் ஒன்று, இரண்டும் ஈறு மட்டத்துக்கு உடைந்துபோயின. அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. டீயில் நனைத்த ரொட்டி, குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு. வேலை செய்யும் வீட்டில் ஏதாவது கொடுத்தால் "இப்பதான் சாப்ட்டேன்" என்பேன். உங்கள் அத்தை ஏதாவது கேட்டால் "பசிக்கலை" என்பேன். அவளும் நம்பினாள். நாற்பது வருஷம் கூட இருப்பவளையே ஏமாற்றிவிட்டேன், நீங்கள் வந்து ஒருநாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில் பிடித்துவிட்டீர்கள். அன்றைக்கு உங்கள் அத்தை என் தட்டில் வைத்த கறியை நான் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே இருந்தேன். குழம்பில் வெந்து கரைந்திருந்த காயை மட்டும் எடுத்து, பேச்சுவாக்கில் செய்வதுபோல் என் பக்கம் தள்ளிவைத்தீர்கள். மறுநாள் காலையில் பாப்பா வழியாக அத்தைக்கும் அத்தை வழியாக எனக்கும் சேதி வந்தது: "மாமாவை க்ளினிக்குக்கு வரச் சொல்லு." என் பல்லைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு மாப்பிள்ளை. நான் சாப்பிடாததைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வந்திருந்தாலும் அந்த நாட்களில் அந்த வாயில் பல் இல்லை.

க்ளினிக்கில் நடந்தது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்தது வாய்க்குள் நடந்தது மட்டும்தான். எனக்கு நடந்தது வேறு. அந்த நாற்காலி இருக்கிறதே, அது உட்கார்ந்தவனைக் கேட்காமலே படுக்கவைக்கிறது. மாப்பிள்ளை நிற்க மாமனார் காலை நீட்டிப் படுத்திருப்பது எந்த ஊர் மரியாதை என்று நான் எழுந்தேன். நீங்கள் "படுங்க மாமா" என்றீர்கள். படுத்தேன். நீங்கள் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பியபோது மறுபடி எழுந்தேன், தலை போய் அந்த விளக்கில் மோதியது. உங்கள் நர்ஸ் சிரிப்பை அடக்க வெளியே போனது எனக்குத் தெரியும். பிறகு நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எதுவும் சொல்லாதீங்க மாப்பிள்ளை, செய்யவேண்டியதைச் செய்ங்க, படம் கிடம் காட்டாதீங்க" என்று சொன்னேன். அலமாரி மாட்டும்போது சுவருக்குள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது என் தொழிலில் நான் வைத்திருக்கும் சட்டம். பார்த்தால் அவருக்கும் தூக்கம் போய்விடும், நமக்கும் வேலை ஓடாது. அந்தச் சட்டத்தை என் வாய்க்கும் போட்டேன். இரண்டு பக்கமும் மரத்துப்போயிருந்தது, இரண்டு பக்கமும் என்னவோ குடைந்தீர்கள், வீட்டுக்கு வந்த பிறகு வலியும் இரண்டு பக்கமும் பொதுவாகத்தான் இருந்தது. நாக்கை விட்டுத் துழாவினால் முன்பு பள்ளமாக இருந்த இடம் இரண்டும் அப்போதும் பள்ளம்தான். சில மாதம் கழித்து ஒரே நாளில் இரண்டு பக்கமும் புதுப் பல் உட்கார்ந்துவிட்டது. ஒன்றைப்போலவே மற்றொன்று, ஒரே பலகையில் அறுத்த இரண்டு கதவு மாதிரி.

அன்று மாலை உங்கள் அத்தை பாப்பாவோடு ஃபோன் பேசி முடித்துவிட்டு எனக்கு விஷயத்தைச் சொன்னாள். ஒரு பக்கம் சொந்த வேர் நன்றாக இருந்ததால் அதைச் சுத்தம் செய்து அதன் மேலேயே தொப்பி போட்டிருக்கிறீர்கள். இன்னொரு பக்கம் வேர் கெட்டுப்போனதால் அதை எடுத்துவிட்டு எலும்பில் ஸ்க்ரூ இறக்கி அதன் மேல் பல் வைத்திருக்கிறீர்கள். அதுவரை எனக்குச் சந்தோஷம். அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. "அந்த இடத்துல எலும்பு ஒசரம் பத்தலையாம். அதுக்கு மேலே காத்து அறை இருக்காம். அதனால குட்டை ஸ்க்ரூவா வெச்சிருக்காராம்."

மாப்பிள்ளை, என் வாழ்நாள் முழுவதும் நான் கத்திக்கொண்டிருந்தது ஒரே விஷயம்தான்: ஸ்க்ரூ நீளமாக இருக்கவேண்டும். பலகை எதுவானாலும், கீல் எதுவானாலும், பூச்சு எதுவானாலும் நீளம் குறைந்தால் பிடி குறையும். பட்டறையில் குட்டை ஸ்க்ரூ பெட்டியை நான் கண்ணில் படாத மேல்தட்டில் வைத்திருப்பேன். அப்படிப்பட்டவன் மண்டைக்குள்ளே குட்டை ஸ்க்ரூ என்றால்? அதிலும் பின்னால் வெற்றிடம் உள்ள சுவரில்? பின்னால் வெற்றிடம் இருந்தால் நீளமானது மறுபக்கம் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஒருமுறை ஒரு வீட்டில் சமையலறை அலமாரிக்கு நல்ல நீளமாகப் பார்த்து இறக்கினேன், அது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் குளியலறையில் போய் நின்றது. அந்த வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தாராம். கண்ணாடிக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து ஒரு முனை சுற்றிக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்து பாதி முகத்தோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேனே தவிர, கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. சுவர்மேல்தான் பழியைப் போட்டேன்.

ஆகவே எனக்கு உடனே தெரியவேண்டியது ஒன்றுதான்: குட்டை ஸ்க்ரூ எந்தப் பக்கம்? உங்களைக் கேட்கலாமா? கேட்டால் உங்கள் வேலையில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா? அத்தையிடம் சொன்னேன், அத்தை பாப்பாவுக்கு ஃபோன் போட்டாள், பாப்பா உங்களைக் கேட்டாள், பதில் வந்த வழியே திரும்பி வந்தது. அப்போது அத்தை சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருந்தது. கை முழுக்க மாவு. எனவே வாயால் ஒன்றும் சொல்லாமல் மணிக்கட்டால் தன் கன்னத்தைத் தொட்டு "இந்தப் பக்கமாம்" என்று காட்டினாள். நேரெதிரே நின்ற நானும் என் கன்னத்தை அதே மாதிரி தொட்டு "இந்தப் பக்கமா?" என்றேன். அவளும் தலையாட்டினாள். இடது பக்கம். அன்றோடு என் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் உங்களுடையது, வலது பக்கம் என்னுடையது.

இப்போது அந்த வேறு விஷயத்துக்கு வருகிறேன். நான் இடது பக்கம் மெல்லவே இல்லை, மாப்பிள்ளை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கவளம் கூட அந்தப் பக்கம் போனதில்லை. வருஷா வருஷம் வரும்போதெல்லாம் நீங்கள் என் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு "ரெண்டு பக்கமும் நல்லா மென்னு சாப்பிடுறீங்களா மாமா?" என்று கேட்பீர்கள். வாய்க்குள் மாப்பிள்ளையின் விரல் இருக்கும்போது மனிதன் "ஆ" என்பதைத் தவிர வேறென்ன சொல்லமுடியும்? நீங்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எழுதிக்கொண்டீர்கள். கடைசியாக நீங்கள் இங்கே வந்து பார்த்தும் ரொம்ப நாளாகிவிட்டது.

நம்பிக்கை இல்லாமல் இல்லை, பாசத்தால் செய்தேன். நீங்கள் வைத்தது, உங்கள் முதல் குட்டை ஸ்க்ரூ, பெரிய டாக்டர் பேச்சை மீறி எனக்காக வைத்தது. அது என் வாயில் ஆடிவிட்டது என்ற பேச்சு வரக்கூடாது. என் அலமாரி எங்காவது விழுந்தால் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால் சரியாகப் பிடிக்காத தட்டில் கண்ணாடிச் சாமானை வைக்காத மாதிரி, அந்தப் பல்லில் எதையும் வைக்கவில்லை. அதனால் வந்த கூத்தையெல்லாம் வரிசையாகச் சொன்னால் நீங்களே என்னைத் திட்டுவீர்கள். தூங்கும்போது இடது கன்னம் தலையணையில் அழுந்தக்கூடாதென்று வலது பக்கமே படுத்தேன். வலது பக்கம் படுத்தால் உங்கள் அத்தையின் முகத்தில் என் மூச்சு போய் விழுகிறது என்று அவள் தூங்கவில்லை, ஆகவே இத்தனை வருஷ வழக்கத்தை மாற்றி அவளைச் சுவரோரம் போகச் சொன்னேன், அவள் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டாள், இன்றுவரை முட்டிக்கொள்கிறாள். ஒரு பக்கமே மென்றதில் வலது கன்னம் கொஞ்சம் பருத்துவிட்டது. அதைப் பார்த்த மாடிவீட்டு ரிடையர்டு ஆசிரியர் எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டதென்று முடிவுகட்டி, படிக்கட்டில் நிறுத்தி, "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார். என் கையில் கதவுப் பலகை இருந்தது. பலகையோடு தூக்கினேன். "ரொம்ப நல்லா தூக்குறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், போய் தெரு முழுக்க நான் தேறிவருவதாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வருகிறது, அதைப் பார்த்து இன்னும் இருவர் எழுந்துவிடுகிறார்கள்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், பாவம், என் சொந்தப் பல் இருக்கும் வலது பக்கம் பட்ட பாட்டைக் கேளுங்கள். இரண்டு பேர் வேலையை ஒருவனே செய்தான். உங்கள் அத்தையோடு சினிமாவுக்குப் போனபோது சோளப்பொரியில் பொரியாத சோளம் ஒன்று மாட்டியது. நான் கடித்த சத்தத்தில் முன்வரிசைக்காரர் திரும்பி, "யாருங்க சேரை உடைச்சது?" என்றார். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏணிமேல் நின்று கொண்டிருக்கும்போது ஸ்க்ரூவை வலது கடைவாயில் அடக்கிவைத்துக்கொள்வது என் பழக்கம். சட்டைப் பையில் ஃபோன் அடித்த அதிர்ச்சியில் ஒன்றை நறுக்கென்று கடித்துவிட்டேன். கையில் எடுத்துப் பார்த்தால் ஸ்க்ரூவின் மரை மழுங்கியிருந்தது, பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வீட்டில் மேல் அலமாரியின் கதவு கீலோடு கழன்று என் முகத்தை நோக்கி வந்தது. இடது பக்கமாக வந்ததை, மாப்பிள்ளையின் பல் இருக்கிறதே என்ற ஒரே நினைப்பில், முகத்தைத் திருப்பி வலது தாடையில் வாங்கிக்கொண்டேன். முக்காலியிலிருந்து விழுந்தேன். வீட்டுக்கார அம்மா தண்ணீர் தெளித்தார். கண் திறந்ததும் நான் முதலில் செய்தது நாக்கால் இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்ததுதான். அது பத்திரம். வலது பக்கமும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்க்ரூ பையைக் கிழிப்பதையும் நான் விடவில்லை, உங்கள் அத்தைதான் கத்துவாள். "அந்தப் பல்லையும் ஒடைச்சுக்கிட்டு மறுபடி மாப்பிள்ளை முன்னாடி போய்ப் படுக்கப்போறீங்க." நான் சொல்வேன்: "இது சொந்த வேர்டி. நீளமான வேர். இதுக்கு ஒண்ணும் ஆகாது."

அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உங்கள் பல்லைப் பார்த்துப் பார்த்து வளர்த்த அதே நாட்களில், என் சொந்தப் பல்லை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நீளம்தான் கடைசியில் ஜெயிக்கிறது என்று மனதுக்குள்ளே சொல்லிக்கொள்வேன்.

இப்போது நான் என்ன எழுதிக் கொடுப்பது? பாப்பா சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. "பல் அருமை, இத்தனை வருஷம் ஆகியும் இம்மி அசையவில்லை" என்று எழுதலாம், அது பொய்யுமில்லை. ஆனால் நான் தொழில் செய்து சாப்பிட்டவன். பாரமே வைக்காத அலமாரி நிற்கிறது என்று சொல்லி அடுத்த வீட்டில் வேலை பிடிக்கிறவனை நான் மதிக்கமாட்டேன். நீங்கள் எழுந்து நின்று என் பல்லைக் காட்டிப் பேசும்போது, அந்தப் பெரிய டாக்டர் "அவர் அதுல மென்னு சாப்பிட்டாரா?" என்று ஒரே கேள்வி கேட்டால் உங்கள் முகம் என்ன ஆகும்? அந்த முகத்தை நினைத்துத்தான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். என் பல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மாப்பிள்ளை. மற்றவர்கள் வாயில் வைத்ததை வைத்துப் பேசுங்கள், அவர்கள் என்னைப்போல் பாசக்காரர்களாக இருக்கமாட்டார்கள், நன்றாக மென்றிருப்பார்கள். முதல் பல்லை விட்டுவிட்டுப் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. என்னால் வந்த கஷ்டம் அது. உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து உங்கள் கையையே கட்டிப்போட்டுவிட்டேன்.

ஆனாலும் ஒன்று. எனக்குச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். அரைவாயால் சாப்பிட்டாலும் முழு மனதாகத்தான் சாப்பிட்டேன். இன்றைக்கு ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கூட விடுவதில்லை, உங்கள் அத்தையின் பங்கையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். அவள் திட்டிக்கொண்டே கொடுக்கிறாள், கொடுத்துவிட்டு நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கெல்லாம் உங்களுக்குத்தான் நன்றி.

பாப்பாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். நீங்கள் தைரியமாக மேடை ஏறவேண்டும், நிமிர்ந்து பேசவேண்டும், பேசி முடித்து வயிறாரச் சாப்பிடவேண்டும். உங்கள் கை தொட்ட வாயெல்லாம் உங்களை வாழ்த்தும். என் வாயும் வாழ்த்துகிறது.

இப்படிக்கு,
உங்கள் மேல் மரியாதையும் பல்மேல் பயமும் மாறாத
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாப்பா கேட்ட புது எக்ஸ்ரேயையும் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று படம் எடுக்கும் இடத்துக்குப் போனேன். உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். பல்லால்தான் கிழித்தேன், வலது பக்கப் பல்லால். காரணத்தோடுதான் கிழித்தேன்.

படம் எடுத்த பெண் திரையைக் காட்டி "பாருங்க சார்" என்றாள். நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பயப்படாதீங்க, ரொம்ப அழகா இருக்கு, சுத்தி எலும்பு அப்படியே இருக்கு" என்றாள். உங்கள் மீட்டிங்குக்காக ஒருமுறை சட்டத்தை மீறலாம் என்று பார்த்தேன். திரையின் இடது பக்கம் ஸ்க்ரூ தெரிந்தது. அவ்வளவு குட்டையான ஸ்க்ரூவை என் பட்டறையில் மேல்தட்டில் கூட வைத்திருக்கமாட்டேன். "ஆமாம்மா, இடது பக்கம், மாப்பிள்ளை வெச்சது, பத்திரமா வெச்சிருக்கேன்" என்றேன். அவள், "இது வலது சார். படத்துல நீங்க எங்களைப் பாத்து நிக்கிற மாதிரி வரும். உங்க வலது எங்களுக்கு இடது பக்கம் தெரியும்" என்றாள். படம் திரும்பியிருக்கிறது, மாற்றிப் போடம்மா என்று வாதாடினேன். அவள் பொறுமையாக எழுந்துவந்து, என் எதிரே நிற்காமல் என் பக்கத்தில் அதே திசை பார்த்து நின்று, தன் வலது கன்னத்தைத் தொட்டு "இது" என்றாள். நானும் தொட்டேன். இரண்டு பேர் கையும் வலது கன்னத்தில் இருந்தது.

சோளம் கடித்தது அது, மாப்பிள்ளை. ஸ்க்ரூவின் மரையை மழுக்கியது அது. அலமாரிக் கதவைத் தாடையில் வாங்கி நின்றது அது. இத்தனை வருஷம் நான் தின்ற ஒவ்வொரு கவளத்தையும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒற்றை ஆளாக மென்றது அந்தக் குட்டை ஸ்க்ரூதான்.

"ஆனா இடது பக்கம் தொப்பிக்குக் கீழே உங்க சொந்தப் பல்லு நல்லா சொத்தையாயிடுச்சு சார். அதை நீங்க பாத்துக்கவே இல்லையா?" என்று கேட்டாள். "அதை மட்டும்தாம்மா பாத்துக்கிட்டேன்" என்றேன். அதிராமல் இருக்கட்டும் என்று அந்தப் பக்கம் பிரஷ் போடாமல் துணியால் துடைத்துத் துடைத்து வளர்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையைச் சமையலறையில் அதே இடத்தில் நிற்கவைத்து, அன்றைக்குக் காட்டினாயே எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் மணிக்கட்டால் வலது கன்னத்தைத் தொட்டாள். நான் சுற்றிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், என் கன்னத்தைப் பார்த்தாள், விஷயம் புரிந்தது. "அப்ப இத்தனை வருஷமா என்னைச் சுவத்துல முட்டிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்றாள். பிறகு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

ஆகவே மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை. இடதும் வலதும் எழுதியபடியே இருக்கட்டும், உங்கள் பல் என்று நான் பொத்திவைத்த இடத்திலெல்லாம் என் சொந்தப் பல் என்று படித்துக்கொள்ளுங்கள். சொந்த வேர் என்று நான் பெருமையடித்த இடத்திலெல்லாம் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். என் பல்லைக் கணக்கில் முதல் பல்லாக வையுங்கள். மென்று சாப்பிட்டாரா என்று அந்தப் பெரிய டாக்டர் கேட்டால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து, சோளம் வருகிற இடத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.

மீட்டிங் முடிந்ததும் இங்கே ஒருமுறை வந்து இடது பக்கத்தையும் பார்க்கவேண்டும். அந்த வேரை எடுத்துவிட்டு அங்கேயும் ஸ்க்ரூவே வைத்துவிடுங்கள். நீளம் வேண்டாம், குட்டையே போதும். படுக்கச் சொன்னால் எழுந்திருக்காமல் படுக்கிறேன், கண்ணையும் திறந்தே வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்பதை மட்டும் பாப்பாவிடமும் அத்தையிடமும் சொல்லி அனுப்பாமல் என்னிடமே நேராகச் சொல்லிவிடுங்கள். வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பதிலும் நானே சொல்கிறேன்.